கன்ட்ரி இசையில் பிழைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்திலிருந்து வந்த பாட்டு, கேட்பவர்கள் குறைவுதான், ஆனால் கேட்க ஆரம்பித்தவர்கள் விடுவதில்லை. அவர்களோடு பேசிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு பாட்டை விட்டுவிட்டுப் பாடகர்களின் பிழைப்புக்கு வந்துவிடும். இவ்வளவு பெரிய ஆள் எப்படிக் கடனாளி ஆனார், இப்படி ஒரு குரல் இருந்தும் ஏன் இத்தனை வருடம் கதவு திறக்கவில்லை, ஒரு பாட்டு ஹிட்டானால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல், அதிர்ஷ்டம், அழகு எல்லாம் வேண்டும்தான், ஆனால் பாட்டு யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கடைசியில் ஆளைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறேன்.

இந்தத் தொழில் எங்கே, எப்போது தொடங்கியது?

1925 நவம்பரில், அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில், ஒரு காப்பீட்டு நிறுவனம் நடத்திய டபிள்யூஎஸ்எம் வானொலி, சனிக்கிழமை இரவு இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. அதுதான் பிறகு கிராண்ட் ஓல் ஆப்ரி ஆனது, இன்றும் நடக்கிறது. 1927 கோடையில் பிரிஸ்டல் என்ற எல்லையோர ஊருக்கு ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து, சுற்றுவட்டார மலைப் பகுதிப் பாடகர்களை வரவழைத்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பாடிப் பதிந்தது அங்கேதான், அதுவும் ஒரே வாரத்தில். ஒரு பாட்டுக்கு 50 டாலர் ரொக்கம். அந்தக் காலத்து ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய காசு. ஆனால் பியர் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டது சம்பளத்தை விடப் பாட்டுகளின் பதிப்புரிமையைத்தான். கையில் விழும் ரொக்கம் ஒரு பக்கம், உரிமை இன்னொரு பக்கம் என்ற அந்தக் கணக்கு அன்றைக்குத் தொடங்கியது.

நாஷ்வில்லுக்குக் குடிபோகாமல் முடியாதா?

நீங்கள் என்னவாக விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மற்ற பாடகர்களுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்து வாழ வேண்டும் என்றால் நாஷ்வில்லைத் தவிர்ப்பது மிகக் கடினம். மியூசிக் ரோ என்ற பகுதியில் பாட்டு உரிமையைக் கையாளும் பதிப்பகங்களும் ஸ்டுடியோக்களும் இசைத்தட்டுக் கம்பெனி அலுவலகங்களும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. காலை பத்தரை, பதினொரு மணிக்கு இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் கிட்டாரோடு உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புவது அங்கே அன்றாட வேலை. யார் யாரோடு உட்கார்ந்து எழுதுவது என்பது பழக்கத்தில்தான் முடிவாகிறது, பழக்கம் அங்கேயே இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

மேடையில் பாடிப் பிழைப்பதுதான் நோக்கம் என்றால் டெக்சாஸ் தனி உலகம். அங்கே நடன அரங்குகளும் மதுக்கூடங்களும் நிறைய, சொந்த ஊர்ப் பாடகரைக் கொண்டாடுகிற கூட்டமும் உண்டு. மாநில எல்லையைத் தாண்டாமலே வருடம் முழுக்கப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வில்லி நெல்சன் 1960-இல் நாஷ்வில் வந்து பத்து வருடம் பாடகராக எடுபடாமல் கிடந்தார். 1970 டிசம்பரில் வீடு தீப்பிடித்து எரிந்தது. டெக்சாஸுக்குத் திரும்பி, ஆஸ்டினில் நீண்ட முடியோடு இளைஞர் கூட்டத்துக்குப் பாட ஆரம்பித்தார். அவருடைய பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோன ஆல்பம் 1975-இல், 42 வயதில் வந்தது.

முதல் சில வருடங்கள் எப்படி இருக்கும்?

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாஷ்வில்லின் லோயர் பிராட்வே தெருவில் காலையில் இருந்து நள்ளிரவு தாண்டியும் மதுக்கூடங்களில் நேரடி இசை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு குழு நான்கு மணி நேரம் பாடும், இறங்கும், அடுத்த குழு ஏறும். அடிப்படைக் கூலி குறைவு, மீதியெல்லாம் கூட்டத்துக்கு நடுவே சுற்றி வரும் டிப்ஸ் ஜாடியில்தான். சுற்றுலா வந்தவர்கள் கேட்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய ஹிட் பாட்டுகளை. உங்கள் சொந்தப் பாட்டுக்கு அங்கே இடம் சிறிது. நான்கு மணி நேரம் நிறுத்தாமல் வாசித்தால் விரல் பழகும், கூட்டத்தைக் கையாளத் தெரியும், வாடகையும் ஓரளவு வரும். ஆனால் பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். இரவெல்லாம் வாசித்துக் களைத்தவர் காலை பத்தரைக்கு எழுத உட்கார முடியாது, எழுதாதவருக்கு அந்த ஊரில் அடுத்த படி கிடையாது. பிராட்வேயை ஒரு பள்ளிக்கூடமாக வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம் புளூபேர்ட் கஃபே. 1982-இல் தொடங்கியது, சாதாரணக் கடை வரிசை ஒன்றில் இருக்கிறது, சுமார் 90 பேர்தான் உட்கார முடியும். அங்கே பாட்டு எழுதியவரே வந்து பாடுவார், கேட்பவர்கள் பேசக் கூடாது. கார்த் புரூக்ஸ் 1985-இல் முதல் தடவை நாஷ்வில் வந்தபோது ஒரு நாள்கூட முழுதாகத் தங்காமல் ஓக்லஹோமாவுக்குத் திரும்பிவிட்டார், அந்த அளவுக்கு மனம் உடைந்திருந்தது. 1987-இல் மறுபடி வந்து பூட்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பாடினார். பெரிய கம்பெனிகள் எல்லாம் வேண்டாம் என்றுவிட்டன, கேப்பிட்டலும் அதில் ஒன்று. 1988-இல் புளூபேர்டில் ஒருவர் நேரத்துக்கு வராததால் இவர் முன்னதாக மேடை ஏற, அவரை நிராகரித்திருந்த கேப்பிட்டல் கம்பெனிக்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே பேச்சு தொடங்கியது. உலகத்திலேயே அதிகம் விற்ற தனிப் பாடகர்களில் ஒருவராக அவர் பிற்பாடு ஆனார். அதே ஆள், அதே குரல்தான். அலுவலக மேசையில் எடுபடாதது கேட்கத் தெரிந்த 90 பேருக்கு முன்னால் எடுபட்டது.

பிழைப்புக்கு என்ன வேலை செய்தார்கள் என்று பார்த்தால் பட்டியல் நீளும். ராண்டி டிராவிஸ் நாஷ்வில் பேலஸ் என்ற இடத்தில் சமைத்துக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் நடுநடுவே மேடை ஏறினார். ஆலன் ஜாக்சன் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் தபால் பிரிவில் வேலை பார்த்தார். கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் ஆக்ஸ்ஃபர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தவர், ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிய கேப்டன், அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து கொலம்பியா ஸ்டுடியோவில் தரை துடைத்தார். பெற்றோர் அவரை ஒதுக்கியே வைத்தார்கள். லெய்னி வில்சன் 2011-இல் லூசியானாவின் ஒரு சின்ன ஊரிலிருந்து இழுவை வண்டி வீட்டோடு வந்து, மூன்று வருடம் அதற்குள்ளேயே குடியிருந்தார். 2023-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன், அதாவது சிஎம்ஏ, தரும் மிகப் பெரிய விருதான ஆண்டின் சிறந்த கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது.

எத்தனை வருடம் பொறுக்க வேண்டும்?

நாஷ்வில்லைப் பத்து வருட ஊர் என்று அங்கே உள்ளவர்களே சொல்வார்கள். வந்து இறங்கியதில் இருந்து ஏதாவது நடக்கப் பத்து வருடம் ஆகும் என்ற அர்த்தத்தில்.

கிறிஸ் ஸ்டேப்பிள்டன் முதலில் நாஷ்வில் வந்தது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனார், 2001-இல் பாட்டுக்காகவே மறுபடி வந்தார், பாட்டு எழுத ஒப்பந்தம் கிடைத்தது. கென்னி செஸ்னி, ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், லூக் பிரையன் எல்லாரும் அவர் பாட்டைப் பாடினார்கள், சில பாட்டுகள் முதலிடம் வரை போயின, கேட்டவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. 2013-இல் தன் குரலில் ஒரு பாட்டு வெளியிட்டார், அது எடுபடவில்லை. 2015 மே மாதம் முதல் ஆல்பம், அதுவும் ஓரளவுதான் போனது. அந்த வருடம் நவம்பரில் சிஎம்ஏ விருது மேடையில் பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கோடு சேர்ந்து சில நிமிடம் பாடினார், அதே இரவில் மூன்று விருதும் வாங்கினார், ஆல்பம் முதலிடத்துக்கு ஏறியது. அப்போது அவருக்கு வயது 37. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் திடீரென்று வந்தவர் என்று பேசினார்கள். நடுவில் இருந்த பதினான்கு வருடமும் அவரைத் தாங்கியது எழுதிய பாட்டுகள்தான்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒன்று புரிய வேண்டும். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதை எழுதியவர்களும் பதிப்பகமும் பங்கிட்டுக்கொள்வார்கள். பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று, அது பெரும்பாலும் கம்பெனியிடம் இருக்கும். மாஸ்டர் என்று சொல்வது இதைத்தான்.

அமெரிக்க வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டு, ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வசூலித்துக் கொடுக்கும். பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. இதை முதல் தடவை கேட்பவர்கள் நம்புவதில்லை, ஆனால் அந்த நாட்டுச் சட்டம் அப்படித்தான்: சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலி பாடகருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் மட்டும் கொடுக்கின்றன. ஆக, வேறொருவர் எழுதிய பாட்டை நீங்கள் பாடி, நாடு முழுக்க ஒரு வருடம் ஓடினாலும், அந்த ஓட்டத்துக்கான பணம் எழுதியவர் வீட்டுக்குத்தான் போகும்.

இசைத்தட்டாகவோ டவுன்லோடாகவோ விற்றால் எழுதியவர் பக்கத்துக்குச் சட்டப்படியான ஒரு தொகை உண்டு. 1909-இல் அதை ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று வைத்தார்கள், 1978 வரை அந்த 2 சென்ட்தான்! 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட், 2023-இல் 12 சென்ட், 2025-இல் 12.7 சென்ட். அதையும் மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தால் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவர் பங்கிலும் பதிப்பகத்துக்குப் போனது போக மீதிதான் கைக்கு வரும். ஸ்ட்ரீமிங்கில் ஒரு முறை கேட்டால் கிடைப்பது ஒரு சென்ட்டின் சிறு துணுக்கு. ஒரு ஆல்பத்தில் ஹிட் ஆகாத ஏழாவது பாட்டை எழுதியவருக்கும் இசைத்தட்டுக் காலத்தில் ஹிட் பாட்டுக்குக் கிடைத்த அதே பங்கு கிடைத்தது. ஸ்ட்ரீமிங் வந்ததும் அந்த ஏழாவது பாட்டுக்காரர்தான் முதலில் அடிபட்டார். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் நல்ல எழுத்தாளர்கள் பலர் அப்படிப்பட்ட பாட்டுகளில் வாழ்ந்துகொண்டேதான் தங்கள் சிறந்த பாட்டை எழுதினார்கள்.

அப்புறம், பதிப்பகம் மாதாமாதம் கொடுக்கும் தொகை. டிரா என்பார்கள். சம்பளம் மாதிரி தெரியும், ஆனால் அறுவடைக்கு முன்னால் நெல் வியாபாரியிடம் வாங்கும் முன்பணம் போன்றது அது. பாட்டு சம்பாதிக்கத் தொடங்கியதும் கொடுத்ததையெல்லாம் கழித்துக்கொண்ட பிறகுதான் மீதி வரும். இசைத்தட்டுக் கம்பெனி கொடுக்கும் முன்பணமும் இப்படியே. ஒலிப்பதிவுச் செலவு, பல நேரம் வீடியோச் செலவு எல்லாம் பாடகரின் கணக்கில் ஏறும். ஹிட் பாட்டு அட்டவணையில் பெயர் வந்த பிறகும் கம்பெனிக்குப் பாக்கி உள்ள பாடகர் இருப்பது இதனால்தான்.

பாடுகிறவருக்கு உண்மையான வருமானம் கச்சேரிப் பயணத்திலும் அங்கே விற்கும் பனியன், தொப்பிகளிலும் இருக்கிறது. பேருந்து வாடகை, டீசல், ஓட்டுநர், வாத்தியக்காரர் கூலி, மேலாளர் பங்கு, முகவர் பங்கு எல்லாம் போக நிற்பதுதான் வருமானம். நடுத்தர நிலையில் இருப்பவர்கள் பலர் வேனில்தான் போகிறார்கள்.

காசுக்கு அவசரம் என்று பாட்டையே விற்றவர்கள் உண்டா?

உண்டு. மறுபடி வில்லி நெல்சன்தான். நாஷ்வில் வருவதற்கு முன் ஹூஸ்டனில் இருந்தபோது ஒரு பாட்டை 50 டாலருக்கும் இன்னொன்றை 150 டாலருக்கும் முழு உரிமையோடு விற்றார். இரண்டும் பெரிய பாட்டுகள் ஆயின. நாஷ்வில் வந்த பிறகு மூன்றாவதாக ஒன்றை 500 டாலருக்கு விற்கப் பாடகர் ஃபேரன் யங்கிடம் போனார். யங், 'பாட்டை விற்காதே' என்று சொல்லி 500 டாலரைக் கடனாகக் கொடுத்தார். 1961-இல் யங் அதைப் பாடி வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது, எழுதியவருக்கான உரிமைப் பணம் வில்லிக்கே வந்தது. கன்ட்ரி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதச் செயல் இது. யங் நினைத்திருந்தால் அன்றைக்கு வாங்கிப் பையில் போட்டிருக்கலாம்.

இன்னொரு பக்கம் டாலி பார்ட்டன். 1964-இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில் வந்தவர். போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏழு வருடம் பாடிவிட்டு, அவரைப் பிரிந்து தனியாகப் போக முடிவு செய்தபோது எழுதியதுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1974-இல் முதலிடம் வந்தது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். ஆனால் எல்விஸின் மேலாளர் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார். எல்விஸ் பாடுவதை விடப் பெரிய ஆசை அன்றைக்கு எந்தப் பாட்டாசிரியருக்கும் இருந்திருக்காது. டாலி மாட்டேன் என்றுவிட்டு, அந்த இரவு முழுக்க அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். 1992-இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகமெல்லாம் ஒலித்தபோது வந்த பதிப்புரிமைப் பங்கில் யாருக்கும் பாதி போகவில்லை.

வானொலி இன்னும் முக்கியமா?

மற்ற இசை வகைகளை விடக் கன்ட்ரியில் அதன் பிடி அதிகம். புதுப் பாடகரைக் கம்பெனிக்காரர்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராக வானொலி நிலையங்களுக்குக் கூட்டிப்போய், அலுவலக அறையில் நாலு பேருக்கு முன்னால் கிட்டாரோடு பாடவைக்கிற வழக்கம் இன்றும் உண்டு.

1960-இல் லோரெட்டா லின்னுக்குக் கம்பெனிப் பலம் எதுவும் இல்லை. கென்டக்கி சுரங்கத் தொழிலாளியின் மகள், சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்துக் குழந்தைகள். முதல் இசைத்தட்டைக் காரில் போட்டுக்கொண்டு கணவரோடு நிலையம் நிலையமாகப் போய், காரிலேயே தூங்கி, ஒவ்வொரு அறிவிப்பாளரிடமும் கேட்டு ஓடவைத்தார். அந்த வருடம் அக்டோபரிலேயே ஆப்ரி மேடை ஏறினார். 1972-இல் சிஎம்ஏவின் சிறந்த கலைஞர் விருது பெற்ற முதல் பெண் அவர். அதே வானொலி 1975-இல் கருத்தடை மாத்திரையைப் பற்றி அவர் பாடியபோது பல ஊர்களில் தடை போட்டது.

பெண்களுக்கு இது கூடுதல் கஷ்டமா?

ஆமாம், மழுப்ப வேண்டியதில்லை. 2015-இல் ஒரு வானொலி ஆலோசகர், கன்ட்ரி நிலையங்கள் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்றால் பெண் பாடகர்களைக் குறைத்துப் போட வேண்டும், ஆண்கள் சாலட்டின் கீரை, பெண்கள் மேலே வைக்கும் தக்காளி என்று வெளிப்படையாகவே சொன்னார். பெரிய கோபம் கிளம்பியது. அவர் சொன்னது புதிது ஒன்றுமில்லை, இரண்டு பெண் பாட்டுகளை அடுத்தடுத்துப் போடாதே என்ற விதி நிலையங்களில் நெடுநாளாக இருந்ததுதான்.

டிக்ஸி சிக்ஸ் என்ற பெண்கள் குழுவின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2003 மார்ச்சில் லண்டன் மேடையில் அந்தக் குழுவின் பாடகி நடாலி மெயின்ஸ், ஈராக் போரை ஒட்டி, ஜனாதிபதி புஷ் எங்கள் டெக்சாஸ்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அமெரிக்கக் கன்ட்ரி நிலையங்கள் அவர்களை அப்படியே தூக்கிப் போட்டன, இசைத்தட்டுகளைக் குவித்து நசுக்கினார்கள், கொலை மிரட்டலும் வந்தது. 2007-இல் அவர்களுக்கு ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன, கன்ட்ரி வானொலி அப்போதும் அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை.

கறுப்பினப் பாடகர்களின் நிலை?

பாஞ்சோ என்ற வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடமிருந்து வந்தது. ஆப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் ஹார்மோனிகா வாசித்த டிஃபோர்ட் பெய்லி. 1941-இல் அவரை வெளியேற்றினார்கள், பிறகு நாஷ்வில்லிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 1982-இல் இறந்தார், கன்ட்ரி இசையின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2005-இல்.

சார்லி பிரைட் பேஸ்பால் ஆடியவர். 1966-இல் அவருடைய முதல் இசைத்தட்டை நிலையங்களுக்கு அனுப்பியபோது கம்பெனி படம் வைக்கவில்லை. குரலை மட்டும் கேட்டு ஓடவிட்டவர்கள் பிறகுதான் ஆளைப் பார்த்தார்கள். 1971-இல் சிஎம்ஏவின் சிறந்த கலைஞர் அவர்தான். அதற்குப் பிறகு கதவு திறந்தே இருந்திருக்கும் என்று நினைப்போம். பிரைடின் கடைசி முதலிடப் பாட்டுக்குப் பிறகு டேரியஸ் ரக்கர் 2008-இல் முதலிடம் பிடிக்கும் வரை, கால் நூற்றாண்டு, கறுப்பினத் தனிப் பாடகர் ஒருவரும் அந்த இடத்துக்கு வரவில்லை. மிக்கி கைட்டன் 2011-இல் பெரிய கம்பெனியில் கையெழுத்திட்டார், முதல் முழு ஆல்பம் 2021-இல்தான் வெளிவந்தது. பத்து வருட ஊர் என்பது எல்லாருக்கும் ஒரே நீளம் இல்லை. 2025-இல் பியான்ஸே சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமியை வாங்கினார், ஆனால் அவர் ஏற்கெனவே உலக நட்சத்திரம், அந்த வழி புதிதாக வருகிற ஒரு பெண்ணுக்குக் கிடைக்காது.

கம்பெனி கைவிட்டால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. ஜானி கேஷை கொலம்பியா 1986-இல் கழற்றிவிட்டது, 28 வருட உறவுக்குப் பிறகு. அடுத்த சில வருடங்கள் காலி இருக்கைகளுக்கு முன்னால் பாடினார். 1994-இல், ராப், மெட்டல் ஆல்பங்கள் செய்துகொண்டிருந்த ரிக் ரூபின் அவரை உட்காரவைத்து, ஒரு கிட்டாரும் குரலும் மட்டும் வைத்துப் பதிவு செய்தார். அதற்குக் கிராமி கிடைத்தது, பேரன் வயதுப் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள், 2003-இல் இறக்கும் வரை பதிவு செய்துகொண்டே இருந்தார்.

வில்லியைப் பற்றி ஒன்று பாக்கி. 1990-இல் அமெரிக்க வருமான வரித் துறை 16.7 மில்லியன் டாலர் பாக்கி என்று சொல்லி அவர் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. அவர் தன் பழைய பாட்டுகளைக் கிட்டாரோடு தனியாகப் பாடி ஒரு ஆல்பம் வெளியிட்டு அந்தப் பணத்தை வரிக்குக் கொடுத்தார். 1993-இல் கணக்கு முடிந்தது. தன் பாட்டுகள் என்று ஒரு மூட்டை இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது.

குடியும் பயணமும் ஆளைத் தின்றுவிடும் என்கிறார்களே?

ஹாங்க் வில்லியம்ஸ் 1949-இல் ஆப்ரி மேடையைக் கலக்கினார், 1952 ஆகஸ்டில் குடியால் அங்கிருந்து நீக்கப்பட்டார், 1953 புத்தாண்டு அன்று கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்னிருக்கையில் இறந்து கிடந்தார். வயது 29. முதுகுத்தண்டு நோயின் வலி அவரை விடவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய சாவை வீரமாகப் பார்க்கிற பழக்கம் ரசிகர்களிடம் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. மருத்துவம் கிடைத்திருந்தால் இன்னும் முப்பது வருடம் எழுதியிருப்பார்.

பாட்ஸி கிளைன் 1963-இல் 30 வயதில் விமான விபத்தில் போனார். ரீபா மெக்கென்டயர் 1991 மார்ச்சில் தன் வாத்தியக்காரர்கள் ஏழு பேரையும் பயண மேலாளரையும் ஒரே விமான விபத்தில் இழந்தார். தப்பி மீண்டவர்களும் உண்டு. ஜேசன் இஸ்பெல் 2012-இல் குடிநோய்ச் சிகிச்சைக்குப் போனார், மறு வருடம் வந்த 'சவுத்ஈஸ்டர்ன்' ஆல்பம்தான் அவரை நிலைநிறுத்தியது. குடிக்காமல் எழுத வராது என்று யாராவது சொன்னால் அந்த ஆல்பத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு வீடியோ வைரல் ஆனால் போதாதா?

தொடங்க உதவும். ஸாக் பிரையன் கடற்படையில் இருந்தபோது படைவீரர் குடியிருப்புக்கு வெளியே நின்று பாடிய வீடியோவில்தான் 2019-இல் தெரியவந்தார். ஆலிவர் ஆந்தனி 2023 ஆகஸ்டில், அதற்கு முன் எந்த அட்டவணையிலும் இல்லாதவர், ஒரே பாட்டில் அமெரிக்காவின் ஹிட் பாட்டு அட்டவணையான பில்போர்டு ஹாட் 100-இன் முதலிடத்தில் நுழைந்தார். பிரையனிடம் அதற்குப் பிறகு கொடுக்கப் பாட்டுகள் குவிந்திருந்தன. 2022-இல் 34 பாட்டு உள்ள ஆல்பமே போட்டார். வைரல் ஆவதற்கு முன்பே இருபது முப்பது பாட்டு கையில் இருப்பவருக்குத்தான் அடுத்த மாதம் என்று ஒன்று இருக்கிறது.

வெளிநாட்டவருக்கு, குறிப்பாக இந்தியர்களுக்கு, வழி உண்டா?

கீத் அர்பன் நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1992-இல் நாஷ்வில் வந்தார், அமெரிக்காவில் முதல் நம்பர் ஒன் 2001-இல்தான், நடுவில் போதைப் பழக்கத்திலிருந்தும் மீண்டு வர வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து டேராடூனைச் சேர்ந்த பாபி கேஷ் ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த் கன்ட்ரி விழா வரை போய்ப் பாடியிருக்கிறார். சுற்றுலா விசாவில் போய் அமெரிக்காவில் காசுக்குப் பாட முடியாது, கலைஞர்களுக்கான விசா தனி, அதற்கு ஏற்கெனவே ஓரளவு பெயர் இருக்க வேண்டும். பாட்டு எழுதுபவருக்கு மட்டும் ஒரு வசதி: எழுதிய பாட்டு விசா இல்லாமல் போகும்.

கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வக்கீல், அதுவும் கம்பெனி சொல்லும் வக்கீல் வேண்டாம். பதிப்புரிமையில் உங்கள் பங்கு எவ்வளவு, மாஸ்டர் யாருக்கு, எத்தனை வருடம் கழித்துத் திரும்ப வரும், கச்சேரி வருமானத்திலும் கம்பெனி பங்கு கேட்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019-இல் அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் கைமாறின. பாட்டுகளை எழுதியதில் தானும் இருந்ததால் 2021 முதல் அவற்றைத் தானே மறுபடி பதிவு செய்து வெளியிட முடிந்தது, 2025-இல் பழைய மாஸ்டர்களையும் வாங்கிவிட்டார். எழுதாத பாடகருக்கு அந்தப் பிடி இருந்திருக்காது.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்களுக்கும் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 1978-க்குப் பிறகு எழுதிக்கொடுத்த உரிமைகளைப் பொதுவாக 35 வருடம் கழித்துப் பாட்டாசிரியர் திரும்பப் பெறலாம், சம்பளத்துக்கு எழுதிக்கொடுத்த பாட்டுகளுக்கு இது பொருந்தாது. அது தானாக நடக்காது. பெற நினைக்கும் தேதிக்குக் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் பத்து வருடம் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பதிப்புரிமை அலுவலகத்திலும் பதிய வேண்டும். அதனால் ஒப்பந்தத்தின் நகலையும் அதில் உள்ள தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.